மருந்துக் கடைக்குக் கிடைப்பது லாபமா, கூலியா?



நம் சங்க உறுப்பினர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது டி.பார்ம்., பி.பார்ம். என்று படித்து வருகிறார்கள். படிப்பு முடிந்ததும், "சொந்தமாக மெடிக்கல் போடலாமா, முதல்வர் மருந்தகம் எடுக்கலாமா, மக்கள் மருந்தகம் எடுக்கலாமா?" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. கடை போடுவதற்கு முன், அரசு சம்பந்தப்பட்ட மருந்து வியாபாரத்தில் கடைக்காரருக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். மளிகைக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது கடினமான பாடம் அல்ல.

1. சதவீதம் என்பது என்ன?

அத்தியாவசிய மருந்துகளுக்கு மத்திய அரசு உச்ச விலை நிர்ணயிக்கிறது. 1995ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சில்லறை விலையில் 16 சதவீதம் கழித்துக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். அதாவது 100 ரூபாய் மருந்தின் அடக்கம் 84 ரூபாய். 2013ஆம் ஆண்டு ஆணையில் கணக்கு மாறியது. சந்தையில் 1 சதவீதமும் அதற்கு மேலும் பங்குள்ள கம்பெனிகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையின் சராசரியை எடுத்து, அதன் மேல் 16 சதவீதம் கூட்டுகிறார்கள். இப்போது 100 ரூபாய் அடக்கத்துக்கு விற்பனை விலை 116 ரூபாய்.

இரண்டிலும் 16 என்ற எண்தான் இருக்கிறது. ஆனால் 116 ரூபாயில் 16 ரூபாய் என்பது விற்பனையில் 13.79 சதவீதமே. அடக்கத்தின் மேல் சதவீதமா, விற்பனையின் மேல் சதவீதமா என்று முதலில் கேட்க வேண்டும் என்பது நம் தொழிலில் பழைய பாடம். கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்குச் சில்லறைக்கு 20, மொத்தத்துக்கு 10 சதவீதம் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு.

2. விலை குறைந்தால் வருமானம் என்னவாகும்?

உப்பு விற்பவருக்கும் ஏலக்காய் விற்பவருக்கும் ஒரே பத்து சதவீதம் கொடுத்தால் இருவரும் சமமாக வாழ முடியுமா? போடி ஏலக்காய் ஒரு கிலோ விற்றால் கிடைப்பதை, உப்பில் சம்பாதிக்க எத்தனை மூட்டை தூக்க வேண்டும்? மலிவு விலை மருந்தகத்தின் கணக்கு இதுதான்.

மக்கள் மருந்தகத் திட்டம் 2008இல் தொடங்கியது. கடை நடத்துபவருக்கு வரி நீங்கலான விற்பனை விலையில் 20 சதவீதம் கிடைக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: கம்பெனி மருந்து ஒரு அட்டை 100 ரூபாய் என்றால் 20 சதவீதத்துக்கு 20 ரூபாய். அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் 25 ரூபாய் என்றால் 5 ரூபாய். நான்கு அட்டை விற்றால்தான் ஓர் அட்டையின் வருமானம். கடை வாடகையும், மின்கட்டணமும், ஆள் சம்பளமும் நான்கில் ஒரு பங்காகக் குறைவதில்லை.

வேலையும் குறைவதில்லை. மருந்தாளுநராகப் பதிவு பெற்றவரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம். சீட்டைப் படித்து, அளவைச் சரிபார்த்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்ல வேண்டும். 2014 மார்ச் முதல், 'எச்1' அட்டவணையில் உள்ள சில நோய்க்கிருமிக் கொல்லிகளுக்கும் காசநோய் மருந்துகளுக்கும் தனிப் பதிவேடு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 25 ரூபாய் மருந்துக்கும் இதே வேலைதான்.

இந்தக் குறையை ஈடுகட்டவே ஊக்கத்தொகை வைத்திருக்கிறார்கள். மாதக் கொள்முதலில் 20 சதவீதம், மாதம் 20,000 ரூபாய் உச்சம். முன்பு இது 15 சதவீதம், 15,000 ரூபாயாக இருந்தது. குறிப்பிட்ட மருந்துகளை இருப்பு வைத்தால்தான் இது கிடைக்கும். மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்தாலே உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் ஊக்கத்தொகை கூடாது.

நம் மாநிலத்தில் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம். பாதி ரொக்கம், பாதி மருந்து. தொடக்க முதலுக்கு இது நல்ல உதவி. ஆனால் மானியம் வேறு, மாத வருமானம் வேறு. இரண்டையும் ஒரே பேரேட்டுப் பக்கத்தில் எழுதக் கூடாது.

3. வேலைக்குக் கூலி கொடுக்கும் நாடு

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதாரப் பணி நடக்கிறது. அங்கே மருந்துக் கடைகள் தனியாருடையவை. அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டவை. கடைக்காரர் தம் பணத்தில் மருந்து வாங்கி, சீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மாத முடிவில் சீட்டுகளை அனுப்பிப் பணம் பெறுகிறார். மருந்தின் விலை தனி. அது அரசின் விலைப் பட்டியல்படி வரும். கொடுத்ததற்குக் கூலி தனி. சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் முன்பு 1 பவுண்டு 27 பென்சாக இருந்த கூலி, 2025 ஏப்ரலில் 1 பவுண்டு 46 பென்சாயிற்று. நம் பணத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல். மருந்து மலிவானாலும் கூலி குறையாது.

ஆனால் அங்கும் கஷ்டம் உண்டு. கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கழிவு வாங்கியிருப்பார் என்று அரசே வைத்துக்கொண்டு, அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்கிறது. சாமர்த்தியமாக வாங்கி மிச்சப்படுத்தும் லாபத்துக்கும், எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்து, மிஞ்சினால் பட்டியல் விலையைக் குறைக்கிறார்கள். சந்தையில் விலை ஏறிப் பட்டியல் விலை ஏறாவிட்டால், கைநஷ்டத்துக்குத்தான் மருந்து கொடுக்க வேண்டும். 2019 முதல் 2024 வரை ஐந்தாண்டுக்கு மொத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 259 கோடி பவுண்டு அளவிலேயே நின்றது. விலைவாசி மட்டும் ஏறியது. பல கடைகள் மூடப்பட்டன.

4. நம் ஊரில் ஏன் கூலி இல்லை?

தமிழ்நாட்டில் 1994இல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஏழைக்கு இலவசமாக மருந்து கிடைக்கிறது. இது நல்ல ஏற்பாடு. இந்த வழியில் தனியார் கடைக்கு இடமில்லை. ஆகவே கூலி என்ற பேச்சும் இல்லை.

மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில், மருந்தகத்தில் இருப்பு இல்லாத மருந்தை ஒப்பந்தக் கடைக்காரர் கொடுக்கிறார். அங்கும் கூலி இல்லை, எம்.ஆர்.பி.யில் இவ்வளவு கழிவு தருகிறேன் என்று அவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

5. காத்திருப்பதற்கு என்ன விலை?

அரசு ஒப்பந்தம் எதுவானாலும், கடனுக்குச் சரக்குக் கொடுப்பதானால் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் பில், அடக்கம் 90,000, லாபம் 10,000. பணம் ஆறு மாதம் கழித்து வருகிறது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய முதல் என்றால், மாதம் 1,800 வீதம் ஆறு மாதத்துக்கு 10,800 ரூபாய் வட்டி. லாபம் போய், கையிலிருந்தும் 800 ரூபாய் போகிறது. விடுதிகளுக்குப் பருப்பு, எண்ணெய் சப்ளை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பிள்ளைகள் கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள் கேட்கட்டும்.

ஒன்று, சதவீதம் அடக்கத்தின் மேலா, விற்பனையின் மேலா? இரண்டு, ஒரு சீட்டுக்குச் சராசரியாகக் கையில் நிற்பது எத்தனை ரூபாய்? மூன்று, ஊக்கத்தொகை இல்லாமலே வாடகையும் சம்பளமும் கட்டுமா? நான்கு, காலாவதியான சரக்கைத் திரும்ப எடுப்பார்களா? ஐந்து, பணம் எத்தனை நாளில் வரும்?

மலிவு மருந்துக் கடை ஊருக்கு நன்மை செய்யும் தொழில். சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று மாதந்தோறும் மருந்து வாங்கும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. அந்தக் கடை நிலைத்து நிற்க வேண்டுமானால், அதில் நிற்கும் மருந்தாளுநரின் உழைப்புக்கும் ஒரு விலை வைக்கத்தான் வேண்டும். சதவீதத்தைப் பார்த்து மயங்காமல் ரூபாயை எண்ணிப் பார்த்து இறங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.