இயந்திர உறுப்புகளின் தேய்வையும் மசகெண்ணெயின் நிலையையும் சோதித்தறிதல்

நீரிறைக்கும் இயந்திரமும் இருசில்லு உழவு இயந்திரமும் உடைய கமக்காரருக்கு

முன்னாளில் வண்டில் ஓட்டியவர் அச்சுக் கிறீச்சிடக் கேட்டதும் இறங்கி மசகிடுவது வழக்கம். அச்சின் ஓசையே அவருக்குச் சோதனையாயிற்று. இன்று கமக்காரர் கையாளும் இயந்திரங்கள் அவ்வாறு முன்கூட்டி எச்சரிப்பதில்லை. அவற்றின் உறுப்புகள் மூடிய பெட்டியினுள்ளே எண்ணெயில் நனைந்து சுழல்கின்றன. வெளியே தட்டும் ஓசை கேட்கும் வேளையில் உள்ளே தேய்வு முற்றியிருக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரை நம்பியே நிற்கின்றன. காய் பிடிக்கும் வேளையில் இறைப்பு நின்றால் விளைச்சல் குன்றும். பெரும்போகத்தில் சேற்றுழவு நடுவில் உழவு இயந்திரம் நின்றால் விதைப்புக் காலம் பிந்தும். ஆதலால் தேய்வை வேளைக்கு அறிதல் இயந்திரத்தை மட்டுமன்றிப் பயிரையும் காப்பதாகும்.

தேய்வின் காரணங்கள்

உரசும் இரு உலோகப் பரப்புகளுக்கிடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று அவற்றைப் பிரித்து வைக்கிறது. இப்படலம் கெடுவதற்கு மூன்று காரணங்கள் பெரும்பான்மையாக உண்டு. முதலாவது மணல். மணலிலுள்ள படிகக்கல் சாதாரண உருக்கினும் கடினமானது. அது அரம் போல் உலோகத்தை அராவும். இரண்டாவது நீர். சேற்றுழவில் தேய்ந்த எண்ணெய்த் தடுப்பு வளையங்களினூடாக நீர் கியர்ப் பெட்டியுட் புகும். மூன்றாவது எரிபொருள். மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்களில் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துவிடும்.

ஆய்வுகூடச் சோதனை

ஆய்வுகூடங்களில் நான்கு உருண்டைச் சோதனை என்னும் முறை கையாளப்படுகிறது. 12.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள மூன்று உருக்குருண்டைகளை ஒரு கிண்ணத்தில் அசையாது இறுக்கி, எண்ணெயில் மூழ்கவைத்து, நான்காம் உருண்டையை அவற்றின் மேல் அழுத்திச் சுழற்றுவர். நியமித்த நேரத்தின் பின் கீழ் உருண்டைகளில் விழுந்த வடுவின் அகலத்தை நுணுக்குக்காட்டியால் அளப்பர். வடு சிறிதாயின் எண்ணெய் தேய்வை நன்கு தடுத்ததெனக் கொள்வர்.

இக்கருவி கமக்காரரிடம் இல்லை. ஆயினும் இயந்திரத்தினுள் உதிரும் உலோகமும், புகும் நீரும், கலக்கும் எரிபொருளும் எண்ணெயிலேயே சேர்கின்றன. ஆகவே எண்ணெயைச் சோதிப்பவர் இயந்திரத்தின் உள்ளிருப்பதையே சோதிக்கிறார்.

கமக்காரர் செய்யத்தக்க சோதனைகள்

1. அளவுச் சோதனை. காலையில் இயந்திரத்தை இயக்குமுன், அதனைச் சமநிலத்தில் நிறுத்தி, எண்ணெய் அளவுகோலைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் குறைந்து புகை நீலமாக வருமாயின், அது வளையங்களைக் கடந்து எரிகின்றது. ஊற்றாமலே எண்ணெய் உயர்ந்திருப்பின் மகிழ்ச்சிக்கு இடமில்லை. மண்ணெண்ணெயோ நீரோ கலந்துள்ளது. மண்ணெண்ணெயாயின் மணமே காட்டும்.

2. ஓட்டச் சோதனை. சாய்த்து வைத்த துப்புரவான தகரத்தில், அதே இன புதிய எண்ணெயில் ஒரு துளியையும் பழைய எண்ணெயில் ஒரு துளியையும் ஒரே மட்டத்தில் ஒருங்கே இடுக. இரண்டும் ஒரே சூட்டில் இருத்தல் வேண்டும். பழையது மிக விரைந்து ஓடினால் அது எரிபொருளால் நீர்த்துள்ளது. மிகப் பின்தங்கினால் கரியாலோ சூட்டாலோ தடித்துவிட்டது.

3. துளிச் சோதனை. எஞ்சின் எண்ணெயில் ஒரு துளியை மையொற்றுத் தாளிலோ வடிதாளிலோ இட்டு, சில மணி நேரம் கிடையாக வைத்திருக்க வேண்டும். கறை நடுவிலிருந்து வெளியே சீராக மங்கிப் பரந்தால், கரியைத் தாங்கும் ஆற்றல் எண்ணெய்க்கு இன்னும் உண்டு. நடுவில் கரிய வட்டம் கூரிய விளிம்புடன் திரண்டு நின்றால் அவ்வாற்றல் தீர்ந்தது, எண்ணெயை மாற்றுக. டீசல் எஞ்சினின் எண்ணெய் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுக்கும். எனவே கறுப்பு நிறம் ஒன்றையே கொண்டு எண்ணெய் கெட்டதெனத் துணிதல் தவறு.

4. நீர்ச் சோதனை. எண்ணெய் பால் போல வெளிறியிருப்பின் நீர் மிகக் கலந்துள்ளது. ஐயமாயின், நன்கு சூடாக்கிய இரும்புத் தகட்டை அடுப்பிலிருந்து அகற்றி, அதில் இரண்டொரு துளி இடுக. படபடவென வெடித்துப் பொரிந்தால் நீர் உண்டு. இதனை எரிபொருளுக்கும் வைக்கோலுக்கும் எட்டத்தில், முகத்தை விலக்கிச் செய்தல் வேண்டும்.

5. காந்தச் சோதனை. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில் பழைய எண்ணெயைத் துப்புரவான பாத்திரத்தில் வடித்து, மெல்லிய பொலித்தீனாற் சுற்றிய காந்தத்தை அதனுள் மெல்ல அசைத்தெடுக்க. பின் பொலித்தீனைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க. நுண்ணிய சாம்பல் நிறப் பசை சிறிதளவாயின் அது இயல்பான தேய்வு. கண்ணுக்குத் தெரியும் செதில்களோ ஊசி போன்ற துணுக்குகளோ இருப்பின், கியர்ப் பல்லோ பெயாரிங்கோ உடைந்து வருகின்றது; இயந்திரத்தை மேலும் ஓட்டலாகாது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் பித்தளை அல்லது வெண்கலப் புதையினின்றும், வெண்ணிறத் துகள் பெரும்பாலும் அலுமினியப் பிஸ்டனினின்றும் வருவன. புதிய எஞ்சினின் முதல் எண்ணெயில் துகள் சற்று மிகுதியாயிருப்பது இயல்பே. அதனாலேயே முதல் எண்ணெயை விரைவில் மாற்றும்படி கூறப்படுகிறது.

6. கைச் சோதனை. இயந்திரத்தை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிய பின்னரே இதனைச் செய்க. தண்டையும் சில்லையும் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க. தளர்வு தெரிந்தால் பெயாரிங் தேய்ந்தது. தொடக்கக் கயிற்றை மெல்ல இழுக்கையில் முன்போல் எதிர்ப்பு இல்லையெனின், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில், பிளக்குத் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, பிளக்கைப் பூட்டி மீண்டும் இழுக்க. எதிர்ப்புக் கூடினால் குறை வளையங்களில். கூடாவிடின் பெரும்பாலும் வால்வுகளில். டீசல் எஞ்சினில் இவ்வாறு எண்ணெய் விடலாகாது.

குறிப்பேடு

ஒரு நாட் சோதனை சிறிதே சொல்லும். தொடர்ந்த சோதனைகளை ஒப்பிடுதலே உண்மையைக் காட்டும். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், காந்தத்தில் கண்டது ஆகியவற்றை ஒரு கொப்பியில் நாளிட்டு எழுதி, துளித் தாளையும் அதில் ஒட்டி வைத்தல் நன்று. சென்ற முறை சிறிதாயிருந்த பசை இம்முறை இரட்டித்திருப்பின், பயிருக்கு நீர் மிக வேண்டும் வாரத்துக்கு முன்னரே திருத்துநரை நாடலாம்.

காக்கும் வழி

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் இயக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் சிறிது நேரம் ஓட்டுதல் வேண்டும். காற்று வடியைத் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். உற்பத்தியாளர் கைந்நூலிற் குறித்த தர இலக்கமுள்ள எண்ணெயையே, மணலும் நீரும் படாத புனல் கொண்டு ஊற்றுதல் வேண்டும். வடித்த எண்ணெயை நிலத்திலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடாக அது கிணற்றை அடையும். அதனை மூடிய கலனிற் சேர்த்து, பழைய எண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

இச்சோதனைகளுக்கு வேண்டுவன ஒரு காந்தம், ஒரு துண்டுத் தாள், ஒரு தகரம், சிறிது பொறுமை என்பனவே. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் இவற்றைச் செய்யும் கமக்காரரின் இயந்திரம் போகத்தின் நடுவில் எதிர்பாராது நிற்பது அரிதாகும்.