வேலை செய்யாத புரதத்தைக் கொட்டிவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

முனைவர் பட்ட ஆய்வுக்குக் கிளமிடோமோனாஸ் பாசியின் ஹைட்ரஜனேஸ் நொதியை எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஈ.கோலையில் வளர்த்துச் சுத்தம் செய்த புரதம் ஹைட்ரஜனே தரவில்லை என்று சோர்ந்தும் எழுதியிருந்தாய். அந்தப் புரதத்தைக் கொட்டிவிடாதே. வேலை செய்யாத புரதங்கள்தான் நம் துறைக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

இதே பாசியில் ஹைட்ரஜன் வெளியிட முடியாத ஒரு பிறழ்வு வகையைப் பற்றி 2004இல் மேத்யூ போசவிட்ஸ் குழுவினர் எழுதினார்கள். அதில் ஹைட்ரஜனேஸ் முழு நீளத்தில் உருவாகியிருந்தது. செயல் மட்டும் இல்லை. பழுது வேறொரு மரபணுவில் இருந்தது. ஹைட்-ஈ, ஹைட்-எஃப், ஹைட்-ஜி என்ற மூன்று கட்டுமான நொதிகள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஈ.கோலையிடம் இந்த மூன்றும் கிடையாது. உன் புரதம் ஏன் இயங்கவில்லை என்பதற்கு முதல் விடை இதுவாக இருக்கலாம்.

அவை கட்டுவது என்னவென்று பார். செயல்மையத்தில் ஆறு இரும்பு அணுக்கள். நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கொண்ட கொத்தைச் செல்லின் வழக்கமான ஏற்பாடே செய்துவிடும். அதோடு சேரும் இரண்டு இரும்புத் துண்டுதான் அபூர்வமானது. அதில் மூன்று கார்பன் மோனாக்சைடு, இரண்டு சயனைடு. இரண்டுமே செல்லுக்கு நஞ்சு. அவற்றை வெளியே உலவ விடாமல், ஹைட்-ஜி தன் உடலுக்குள்ளேயே டைரோசினைப் பிளந்து உண்டாக்கி, தன் மறுமுனையில் காத்திருக்கும் இரும்பில் பிணைத்துவிடுகிறது. அந்த இரும்புச் சேர்மத்தை ஹைட்-ஈ அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறது. இரண்டு இரும்புத் துண்டைத் தாங்கி நின்று ஹைட்ரஜனேஸிடம் ஒப்படைப்பது ஹைட்-எஃப்.

முதலில் நான்கு இரும்புக் கொத்து, பிறகு இரண்டு இரும்புத் துண்டு என்ற வரிசையை உறுதிசெய்ததும் ஒரு குறைப் புரதமே. மூன்று நொதிகளும் இல்லாமல் வேண்டுமென்றே உருவாக்கிய ஹைட்ரஜனேஸின் படிக அமைப்பு 2010இல் வெளியானது. நான்கு இரும்புக் கொத்து இடத்தில் இருந்தது; இரண்டு இரும்புக்கான இடம் காலி; அங்கே போக ஒரு வழியும் திறந்திருந்தது. துண்டு உள்ளே போனபின்தான் வழி மூடுகிறது.

2013இல் அந்தக் காலி இடமே சோதனைக்களமாயிற்று. இரண்டு கந்தகங்களை இணைக்கும் பாலத்தின் நடுவில் இருப்பது கார்பனா, ஆக்சிஜனா, நைட்ரஜனா என்பது நெடுநாள் விவாதம். மூன்று வகையையும் வேதிமுறையில் செய்து, ஹைட்-எஃப் வழியாகக் காலிப் புரதத்துக்குக் கொடுத்தார்கள். நைட்ரஜன் உள்ளதுதான் நொதிக்கு முழு உயிர் தந்தது. ஹைட்-எஃப் இல்லாமலே காலிப் புரதம் அதை ஏற்கும் என்று அதே ஆண்டில் இன்னொரு குழு காட்டியது.

ஆகவே, 'ஏன் வேலை செய்யவில்லை' என்று கேட்காதே. 'எந்தப் படியில் நின்றது' என்று கேள். அகச்சிவப்பு நிறமாலையில் 1800க்கும் 2100க்கும் இடைப்பட்ட அலையெண்களைப் பார். கார்பன் மோனாக்சைடும் சயனைடும் இரும்பில் ஏறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஆக்சிஜன் பட்டால் இரும்புக் கொத்து சிதையும்; அதனால் க்ளவ் பாக்ஸின் ஆக்சிஜன் அளவை ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் எழுது. சந்தேகம் வரும் நாளில் அந்த எண்தான் உனக்குச் சாட்சி.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு புரதத்துக்கு எத்தனை இரும்பு என்று அளந்து எனக்கு எழுது. நான்குக்கு மிகக் குறைந்தால் கொத்தே சிதைந்திருக்கலாம். ஆக்சிஜன் எங்கே நுழைந்தது என்று தேடு. நான்குக்கு அருகில் வந்தால் கவலை வேண்டாம். அது கெட்ட புரதம் இல்லை, இரண்டு இரும்புக்காகக் காத்திருக்கும் புரதம். உன் ஆய்வை அங்கிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் அக்கா