பழம்பொறிகள் கூடும் ஊர்

ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் அயோவா என்னும் மாநிலம் உளது. மக்காச்சோளம் செழித்து வளரும் அம்மாநிலத்தின் தென்கிழக்கில் மவுண்ட் பிளசண்ட் என்னும் சிறுநகர் அமைந்துள்ளது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஒன்பதாயிரவரே. ஆயினும், அறியத்தக்க சிறப்புகள் பல.

ஆபிரகாம் லிங்கனின் மகன் இராபர்ட்டு, 1868ஆம் ஆண்டில் செனட்டர் ஜேம்ஸ் ஹார்லனின் மகளை மணந்தார். ஹார்லன் குடும்பத்தினர் வாழ்ந்த இல்லம் இந்நகரில் உள்ளது. 1869இல் அமெரிக்காவின் முதற்பெண் வழக்கறிஞரான அராபெல்லா மேன்ஸ்பீல்டு கல்வி பயின்றது இங்கேதான். புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளை 1958இல் கண்டறிந்த ஜேம்ஸ் வான் ஆலன் பிறந்ததும் இவ்வூரே.

எனினும், இந்நகருக்குப் பெரும்புகழ் தருவது பழம்பொறி விழாவேயாகும். 'பழைய கதிரடிப்போர் கூடுகை' என்பது அவ்விழாப் பெயரின் பொருள். 1950இல் தொடங்கிய அது, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையோடு முடியுமாறு ஐந்து நாள் நடைபெறும்.

முற்காலத்தில் அந்நாட்டு உழவர், கதிரடிக்கும் எந்திரத்தை நீராவிப் பொறியால் இயக்கினர். ஒருவர் விளைச்சலை அடிக்க அண்டை அயலார் அனைவரும் கூடினர். 1892இல் அயோவாவினராகிய ஜான் புரோலிக், பெட்ரோலால் இயங்கி முன்னும் பின்னும் செல்லவல்ல டிராக்டரை அமைத்தார். பின்னர் அறுவடையையும் கதிரடிப்பையும் ஒருங்கே செய்யும் எந்திரமும் பரவியது. உழைப்புக் குறைந்தது, நீராவிப் பொறிகளோடு அக்கூட்டுழைப்பும் மறைந்தது.

இவ்விழாவில் பழம்பொறிகள் வெறுங் காட்சிப்பொருள்களாய் உறங்குவதில்லை. நீராவிப் பொறியின் சக்கரத்திலிருந்து நீண்ட வார் சுழல, கதிரடிக்கும் எந்திரம் ஒருபுறம் மணியையும் மறுபுறம் வைக்கோலையும் தள்ளும். பழைய டிராக்டர்கள் அணிவகுத்துச் செல்லும். குறுகிய இருப்புப் பாதையில் நீராவி இரயிலும் ஓடும்.

பொறியைக் காப்பதினும் அதனை இயக்கும் அறிவைக் காப்பதே அரிது. கொதிகலனில் அடுப்பின் மேல்தகட்டை நீர் எப்போதும் மூடியிருத்தல் வேண்டும். நீர் குறைந்தால் தகடு பழுக்கக் காய்ந்து வலிமை இழக்கும். நீராவி வெடித்துப் பாயும். 2001ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்து மெடினா நகரில், பழைய நீராவிப் பொறியொன்று நீர் குறைந்தமையால் வெடித்தது, ஐவர் மாண்டனர். நீரளவு காட்டும் கண்ணாடிக் குழாயைப் படிக்கவும், தீயை அளவாக வளர்க்கவும் அறிந்தவர் அருகில் நின்று கற்பித்தாலன்றி, ஏட்டறிவு மட்டும் உதவாது.

ஆகவே, அவ்விழாவில் முதியவர் அருகே ஓர் இளைஞன் கரிபடிந்த கையோடு நிற்பானாயின், அதுவே அங்குக் காணத்தக்க காட்சிகளுள் தலையாயது. இரும்பு துருப்பிடித்தாலும் தேய்த்துத் துலக்கலாம். கைமாறாது மறைந்த தொழிலறிவை மீட்டல் எளிதன்று.