வெளியாட்களா, ஊர்ப் பையன்களா?

கேள்வி: எங்கள் கபடி அணியில் பயிற்சிக்கு ஆள் சேர்வதில்லை. காசு கொடுத்து வெளியாட்களை இறக்கும் அணிகளே பரிசைத் தட்டிச் செல்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், வேப்பந்தட்டை

பதில்: பையன்களைக் குறை சொல்லாதீர்கள். பலர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். தோல்வி உறுதி என்றால் இருப்பவர்களுக்கும் களத்துக்கு வர மனம் வராது. காசு இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அயர்லாந்தின் கேலிக் கால்பந்து என்ற விளையாட்டில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கிடையாது. பெரும்பாலும் சொந்த மண்ணுக்காகவே ஆடுகிறார்கள். அங்கும் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து 6 ஆண்டுகள் டப்ளின் என்ற ஒரே அணிதான் சாம்பியன். ஊர்ப்பற்று மட்டும் போதாது, சமமான விதியும் வேண்டும்.

களமிறங்கும் 7 பேரில் வெளியாட்கள் 2 பேருக்கு மேல் கூடாது என்று போட்டி நடத்துபவர்களிடம் வற்புறுத்துங்கள். உள்ளூர் அணிகளுக்குத் தனிப் பரிசு கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். நாளைய அணி அவர்கள்தான்.