ஈரானியப் பெண்களும் முக்காடும்

கேள்வி: ஈரானியப் பெண்கள் முக்காட்டை எதிர்ப்பது மத எதிர்ப்புதானே?

பதில்: அப்படிச் சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. 1936-இல் மன்னர் ரேசா ஷா முக்காட்டுக்குத் தடை போட்டபோது, போலீஸார் தெருவிலேயே பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கினார்கள். மானத்துக்கு அஞ்சிப் பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள். அந்தப் பிடுங்கலும் பின்னால் வந்த முக்காட்டுத் திணிப்பும் எனக்கு ஒரே கொடுமையாகத்தான் படுகின்றன. 1979 புரட்சியில், ரேசா ஷாவின் மகனான அன்றைய மன்னரை எதிர்க்கத் தாமே விரும்பி முக்காடிட்டு ஊர்வலம் போனவர்கள் உண்டு. அதே ஆண்டு மார்ச் 8 அன்று, புரட்சித் தலைவர் கொமெய்னி முக்காட்டை வலியுறுத்தியதைக் கண்டித்து டெஹ்ரானில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். அரசு தற்காலிகமாகத்தான் பின்வாங்கியது. 1983-இல், மீறினால் 74 கசையடி என்று சட்டமே வந்தது. 2022-இல் முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று ஒழுக்கக் காவலர்கள் பிடித்துச்சென்ற 22 வயது மஹ்சா அமினி, காவலில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் இறந்தார். நியாயம் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களில் முக்காடு அணிந்த பெண்களும் இருந்தார்கள்.