கோயில் பிள்ளை இல்லாத கோயில்

நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ வளர்ந்தவர்களுக்குக் கோயில் பிள்ளை யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மணி அடிப்பது, கூட்டிப் பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, ஆராதனை முடிந்ததும் பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அமெரிக்காவின் சின்ன ஊர்களில், ஞாயிறுக்கு முப்பது நாற்பது பேர் கூடும் எபிஸ்கோப்பல் சபைகளிலும் இதே வேலைகள் உண்டு. செய்வதற்குத்தான் தனியாள் கிடையாது. குருவானவரே பகுதி நேரம்தான் என்கிற சபைகள் அங்கே நிறைய. மீதி எல்லாம் சபையார் பங்கு போட்டுச் செய்வது.

வேலை மாற்றலில் அப்படி ஓர் ஊருக்குப் போகும் சி.எஸ்.ஐ. குடும்பத்துக்கு இந்தச் சபை அந்நியமில்லை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் எபிஸ்கோப்பல் திருச்சபையும் ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவை. ஆராதனை முறை பாதி தெரிந்ததாகவே இருக்கும். தெரியாதது, அங்கே ஒருவர் எப்படிச் சபையில் ஓர் ஆளாகிறார் என்பது.

முதல் மாதம்: பார்ப்பது மட்டும்

கேடயச் சின்னத்தோடு வரவேற்புப் பலகை சாலையோரம் நிற்கும். கோயிலைக் கண்டுபிடிப்பது எளிது. இருக்கையில் 1979ஆம் ஆண்டு ஜெபப்புத்தகமும் 1982ஆம் ஆண்டுப் பாட்டுப்புத்தகமும் இருக்கும். எந்தப் பக்கம் என்று தடுமாறினால் பக்கத்தில் இருப்பவரே திறந்து நீட்டுவார்.

ஞானஸ்நானம் பெற்ற எவரும் நற்கருணைக்குப் போகலாம். கிண்ணத்தில் இருப்பது நம் ஊர்த் திராட்சைச் சாறு இல்லை, புளித்த ஒயின். வேண்டாமென்றால் அப்பம் மட்டும் வாங்கினால் போதும்; அதுவே முழு நற்கருணை என்பது அவர்கள் போதனை. பீடத்தில் நிற்கும் குரு ஒரு பெண்ணாக இருக்கலாம். 2015 முதல் இந்தத் திருச்சபை ஒருபாலினத் திருமணத்தையும் நடத்திவைக்கிறது. அப்படியொரு தம்பதி உங்களோடு பாத்திரம் கழுவக்கூடும். இதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டு போவது இரு தரப்புக்கும் நல்லது.

ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றுகளின் நகல் கையில் இருக்கட்டும். அங்கத்தினராகச் சேரும்போது கேட்பார்கள்.

அடுக்களையில் தொடங்குங்கள்

ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் காபி உண்டு. அதை 'காபி அவர்' என்பார்கள். புதியவர்கள் கோப்பையோடு சுவரோரம் நின்று, யாராவது வந்து பேசட்டும் என்று காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டாம். கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய், "நான் துடைக்கட்டுமா?" என்று கேளுங்கள். யார் வீட்டில் அறுவை சிகிச்சை, யாருக்கு மகனோடு பேச்சு இல்லை, கூரைப் பழுதுக்குப் பணம் எங்கிருந்து வரப்போகிறது என்ற சேதிகள் எல்லாம் அந்தத் தொட்டியருகில்தான் புழங்கும். ஊரில் அசனத்துக்கு வெங்காயம் உரித்தவர்களுக்கு இது புரியும்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்த ஞாயிறு யார் காபி போடுவது, யார் தின்பண்டம் கொண்டுவருவது என்று பெயர் எழுதும் தாள். நம் ஊரில் கமிட்டியார் வீடு தேடி வந்து சொல்வதுபோல இங்கே யாரும் வந்து சொல்லமாட்டார்கள். கட்டாயப்படுத்துவது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் வழக்கம். அழைக்கவில்லையே என்று மனத்தாங்கல் கொள்ளாமல், காலியான ஒரு கட்டத்தில் பெயரை எழுதிவிடுங்கள். சுண்டலோ வடையோ கொண்டுபோகலாம், காரம் குறையட்டும். முந்திரி, வேர்க்கடலை, எள், பால், கோதுமை எது சேர்ந்திருந்தாலும் சின்னச் சீட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வாமை அங்கே விளையாட்டுக் காரியமில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பான்கேக் விருந்து, அக்டோபரில் புனித பிரான்சிஸ் நாளையொட்டி நாய் பூனைகளுக்கு ஆசி, கிறிஸ்துமஸுக்கு முன் பச்சைக் கிளைகளால் அலங்காரம் என்று வருஷம் முழுக்க ஆள் தேவைப்படும் நாட்கள் உண்டு. மேசை போடவும் மடக்கவும் வருகிறேன் என்று சொல்லுங்கள். மேசை மடக்குகிறவரை எந்தச் சபையும் மறப்பதில்லை.

ஒரே ஒரு வேலை

இரண்டு மூன்று மாதம் கழித்து, நிரந்தரமாக ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான். சின்னச் சபையில் ஒரு வேலைக்கு 'சரி' என்றால் ஆறு வேலை பின்னாலேயே வரும். "இந்த ஆண்டு இது போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். ஊரில் மறுப்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள், இங்கே அப்படியில்லை.

என்னைக் கேட்டால் பீடச் சேவைக் குழுதான் நல்ல தேர்வு. 'ஆல்டர் கில்டு' என்பார்கள். பெரும்பாலும் சனிக்கிழமை அமைதியில் இருவராகச் செய்யும் வேலை, கூச்சமுள்ளவர்களுக்கும் ஒத்துவரும். பீடத்தின் நீண்ட வெள்ளைத் துணியை மடிப்பு விழாமலிருக்க உருளையில் சுற்றி வைப்பார்கள். கிண்ணம் துடைக்கும் சிறு துணியை மூன்றாக மடித்து, சிலுவை மேலே தெரியத் தேய்க்கவேண்டும். அதில் படியும் உதட்டுச்சாயக் கறை இந்தக் குழுவின் தீராத தலைவலி. ஒவ்வொரு மூத்த அம்மாவிடமும் அதற்கென ஒரு கைவைத்தியம் இருக்கும், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் துணிகளை முதலில் அலசிய நீரைச் சாக்கடையில் விடமாட்டார்கள், மண்ணில் ஊற்றுவார்கள். பல கோயில்களில் நேராக மண்ணுக்குள் இறங்கும் தனித் தொட்டியே உண்டு. காலத்துக்கேற்பத் துணியின் நிறம் மாறும்: லெந்துக்கு ஊதா, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, பண்டிகைகளுக்கு வெள்ளை. எந்த மெழுகுவர்த்தியை முதலில் ஏற்றுவது என்பது வரை ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு முறை உண்டு. "எங்கள் ஊரில் இப்படி" என்று முதல் வருஷம் சொல்லவேண்டாம்.

குரல் நன்றாக இருந்தால் வேதபாடம் வாசிக்கலாம். பாடங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால் அடுத்த வாரப் பகுதி முன்பே தெரியும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வேகத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். கடைசி இருக்கைப் பெரியவரின் காதுக்கு எட்டும்படி நிதானமாக வாசித்தால் போதும்.

சார்பு விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குழந்தை பார்ப்பது, இசை வாசிப்பது போன்ற சிலவற்றுக்குச் சபை சிறு தொகை கொடுப்பதுண்டு. வேலை அனுமதி இல்லாதவர் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் அப்படிப்பட்ட பொறுப்பையே ஏற்கவேண்டாம்.

பிள்ளைகள், பணம், சாவி

ஞாயிறு பள்ளியில் உதவ வேண்டுமானால் முதலில் பாதுகாப்புப் பயிற்சி, பின்னணிச் சோதனை. குழந்தைகளோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனித்திருக்கக்கூடாது, எப்போதும் இருவர். உங்களைச் சந்தேகிப்பதாக எண்ணவேண்டாம். குருவானவருக்கும் இதே விதிதான். காணிக்கை எண்ணுவதும் இப்படியே: உறவில்லாத இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவார்கள். இந்தப் பழக்கத்தை ஊருக்கும் அனுப்பிவைக்கலாம் என்று தோன்றும்.

இலையுதிர் காலத்தில் வாக்குறுதி அட்டை வரும். அடுத்த ஆண்டு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று எழுதித் தரவேண்டும். அதை வைத்துத்தான் வரவுசெலவுத் திட்டம். சின்னத் தொகையானாலும் எழுதிக் கொடுங்கள். நீலப் பெட்டி ஒன்றும் தரக்கூடும். 1889இல் பெண்கள் தொடங்கிய நன்றிக் காணிக்கைக்கான உண்டியல் அது. நல்லது நடக்கும்போதெல்லாம் ஒரு காசு போடுவது. நம் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக்கு இது தூரத்துச் சொந்தம்.

ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். 'வெஸ்ட்ரி' எனப்படும் நிர்வாகக் குழுவைச் சபையாரே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். மூத்த வார்டன் குருவுக்குத் துணை. இளைய வார்டன் கட்டடம் பார்ப்பவர், அதாவது கொதிகலன் பழுதானால் இரவிலும் ஓடவேண்டியவர். திருமண்டலத் தேர்தல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தேர்தல் சப்பென்றிருக்கும். நிற்க ஆள் கிடைக்காமல் கெஞ்சுவதுதான் இங்குள்ள அரசியல். ஓராண்டாவது வரவுசெலவு அறிக்கையைப் படித்தபின் நிற்பது நல்லது.

துக்க வீடு

சின்னச் சபைக்கு ஆள் அதிகம் தேவைப்படுவது அடக்க ஆராதனை நாளில்தான். அது வேலைநாளாக அமைந்தால் பாதிப்பேர் வரமுடியாது. ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் உணவு பரிமாறவேண்டும், வெளியூர் உறவினர் வரும்போது வாகனம் நிறுத்த இடம் காட்டவேண்டும். அரை நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் இதற்கு எடுங்கள். துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோக முறை வைத்துக்கொள்வார்கள். திருப்பித் தரவேண்டாத பாத்திரத்தில் கொடுத்து, சூடாக்கும் விதத்தை மேலே எழுதி ஒட்டுங்கள். நெடுநேரம் உட்காரவேண்டாம், வாசலிலேயே கொடுத்துவிட்டு வருவதைக்கூட அங்கே யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

ஊர் மாறும்போது

வேலை மறுபடி மாறலாம். தெரிந்தவுடனே குருவிடமும் வார்டனிடமும் சொல்லுங்கள். உங்கள் வேலையை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த அலமாரியில் எந்தத் துணி, எந்தக் கடையில் மெழுகுவர்த்தி, எந்த விளக்கு எந்தச் சுவிட்ச். அடுத்து வருபவரோடு இரண்டு மூன்று சனிக்கிழமை சேர்ந்து நின்று, கடைசி முறை அவரையே செய்யவிட்டு நீங்கள் பாருங்கள். பெயர்த் தாளில் மீதமிருக்கும் உங்கள் நாட்களுக்கு மாற்றாளைப் பிடித்துக் கொடுங்கள். போகும் சபைக்கு அங்கத்தினர் மாற்றக் கடிதம் கேளுங்கள். சாவியை வார்டன் கையில் கொடுத்து, அலாரத்தின் ரகசிய எண்ணை மாற்றிவிடச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.