கடைக்காரர் லிங்கன் சட்டசபைக்குச் சென்ற வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராக விளங்கிய ஆபிரகாம் லிங்கன், இளமையில் ஒரு சிற்றூர்க் கடைக்காரர். இல்லினாய் மாநிலத்தில் அக்காலத்து எல்லைப்புறக் குடியேற்றமாக இருந்த நியூ சேலத்துக்கு 1831-ல் வந்து, கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்தார். 1832-ல் சட்டசபைத் தேர்தலில் நின்று, சங்கமான் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்பச் சீர்திருத்த வேண்டுமென்றார். தோல்வியே கிட்டியது. எனினும், அவரை நேரில் அறிந்த நியூ சேலம் பகுதியில் வாக்களித்த 300 பேரில் 277 பேர் அவரை ஆதரித்தனர்.

பின்னர், பெர்ரி என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, கடன் பத்திரம் எழுதிக் கொடுத்து நடத்திய கடை நொடித்தது. லிங்கன் அஞ்சல் அலுவலராகவும் நில அளவையாளராகவும் உழைத்தார். 1835-ல் பெர்ரி காலமானபின், கூட்டாளியின் கடனையும் தாமே ஏற்றுப் பல்லாண்டுகளில் தீர்த்தார். இதற்கிடையே, 1834-ல் மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினர். தொடர்ந்து நான்கு முறை அவர் உறுப்பினரானார்.

1837-ல் அச்சபை, லிங்கனும் ஆதரிக்க, இருப்புப்பாதை முதலிய பணிகளுக்காக ஏறத்தாழ 1 கோடி டாலர் கடன் பெறத் துணிந்தது. அவ்வாண்டே நாட்டில் பொருளாதார நெருக்கடி மூண்டது. நாளடைவில் பணிகள் அரைகுறையாக நின்றன. கடனோ மாநிலத்தின் தலைமேல் நின்றது.

கடைக் கடனை ஒருவர் உழைத்துத் தீர்க்கலாம். பொதுக் கடனையோ மக்கள் அனைவரும் வரியாகச் சுமக்க நேரும். ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒரு பணியின் நன்மையை ஆராய்வதோடு, அதை முடிப்பதற்கான பொருள் வழியையும் முன்னரே ஆராய்தல் வேண்டும்.